கப்பல்ல நாலு ராத்திரி: மதுரையில என்கிட்ட கேட்ட கேள்விங்களும் நான் சொன்ன பதிலும்

அம்மாவ கூட்டிக்கிட்டு சிங்கப்பூர் போயி, அங்கேருந்து பினாங்கு, புக்கெட்னு நாலு ராத்திரி க்ரூஸ் கப்பல்ல சுத்திட்டு வந்தேன். வந்ததுலேருந்து டீக்கடையில, ரேஸ்கோர்ஸ்ல வாக்கிங் போறப்ப, கல்யாண வீட்டு பந்தியில, எங்க பார்த்தாலும் ஒரே கேள்விங்கதான். ஒரு மதினி போன்ல முக்கா மணி நேரம் கேட்டுட்டு மறுநாள் அவங்க தங்கச்சிய விட்டு அதே கேள்விய திரும்ப கேக்க வச்சாங்க. அதான் ஒரேடியா எழுதிப் போட்ருவோம்னு உக்காந்துட்டேன். கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியப் போட்ருக்கேன்.

கப்பல்னா என்னண்ணே, நம்ம ராமேஸ்வரம் போட்டுல பெருசா இருக்குமே அதா?

இல்ல தம்பி, அது மிதக்குற ஒரு ஊரு. இப்ப உலகத்துலயே பெரிய கப்பல்கள்ல ஒண்ணு ஐகான் ஆஃப் த சீஸ், 2024 ஜனவரியில ஓட ஆரம்பிச்சது. அதோட நீளம் 365 மீட்டர், மாடி 20. நம்ம மீனாட்சியம்மன் கோயில் வெளி மதிலு ஒரு பக்கம் 250 மீட்டர் சொச்சம்தான், அதுக்கு மேல இன்னொரு நூறு மீட்டர் சேர்த்து கடல்ல தள்ளிவிட்டா எப்படி இருக்கும்னு நினைச்சுக்க. டைட்டானிக்கே 269 மீட்டர்தான்.

நாங்க போனது அம்புட்டு பெருசில்ல, ஆனா அதுலயும் ஆயிரக்கணக்குல ஆளு, தியேட்டரு, நீச்சல்குளம், கடைவீதி எல்லாம் இருந்துச்சு. முத நாளு வழி தெரியாம சுத்திக்கிட்டே இருப்பீங்க, ரெண்டாம் நாளு நம்ம தெரு மாதிரி ஆயிரும்.

எங்க தாத்தா ரஜூலா கப்பல்ல டெக்குல பாய் விரிச்சு படுத்துக்கிட்டே பினாங்கு போனாராம். அதே மாதிரியா?

கேட்டவர் காரைக்குடி பக்கத்துக்காரர், வயசு எழுபதுக்கு மேல. ரஜூலா 1926ல ஓட ஆரம்பிச்ச கப்பல், மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு அம்பது வருஷம் கிட்ட ஓடுச்சு. பிழைக்கப் போற சனம்தான் அதுல பெரும்பாலும், டெக்கு டிக்கெட்டு எடுத்துக்கிட்டு ட்ரங்கு பெட்டி மேலயே தலைய வச்சு படுத்துருப்பாங்க. அதுக்கப்புறம் எம்.வி. சிதம்பரம் ஓடுச்சு, 1985ல அதுல தீ விபத்து, அதோட அந்த லைனே முடிஞ்சுபோச்சு.

இப்ப நான் சொல்றது ஊரு போய்ச் சேர்றதுக்கான கப்பல் இல்லய்யா. ஏறுன இடத்துலயே திரும்ப கொண்டுவந்து இறக்கிவிட்ருவாங்க. அதக் கேட்டதும் அவரு சிரிச்சுட்டாரு, "அப்ப காசு குடுத்து சும்மா சுத்திட்டு வர்றீகளா"ன்னு. ஆமா, அதேதான்.

மதுரையிலேருந்து எப்படிப் போறது, சென்னையில கப்பல் இருக்காமே?

இருக்கு, ஆனா வருஷம் பூரா இல்ல, சீசனுக்குத்தான். 2022 ஜூன்ல கார்டீலியா கம்பெனி சென்னைத் துறைமுகத்துலேருந்து ஆரம்பிச்சாங்க, மறுவருஷம் இலங்கைக்கும் விட்டாங்க, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு. அவங்க ஓட்டுற எம்ப்ரஸ்ங்கற கப்பல் 1990ல வந்தது, பெரிய கப்பலுங்க கூட வச்சுப் பார்த்தா சின்னது, ஆனா முதத் தடவ போறவங்களுக்கு ரெண்டு மூணு ராத்திரி ட்ரிப்பு வசதி. பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல ஏறுனா காலையில எழும்பூர்.

சிங்கப்பூருக்கு மதுரையிலேருந்தே நேரா ஃப்ளைட் இருக்கு. ஒரே ஒரு விஷயம் சொல்றேன், எந்த ஊரா இருந்தாலும் கப்பல் கிளம்புறதுக்கு முந்தின நாளே போயி தங்கிருங்க. ட்ரெயினு ஃப்ளைட்டு லேட்டாச்சுன்னு கப்பல் நிக்காது.

ரூம்ல ஜன்னல் இருக்குமா?

நாலு வகை இருக்கு. உள்பக்கம் ஜன்னலே இல்லாத ரூமு, ஜன்னல் உள்ளது, பால்கனி உள்ளது, அப்புறம் சூட்டுன்னு பணக்காரங்களுக்கு. ஜன்னல் இல்லாததுதான் இருக்குறதுலயே மலிவு, லைட்ட அணைச்சா பகலா ராத்திரியான்னே தெரியாது, தூங்குறவங்களுக்கு சொர்க்கம். ரூமு சின்னதுதான், 150, 160 சதுர அடி. பாத்ரூம் எங்க வீட்டு பூஜை ரூம் அளவுக்கு இருந்துச்சு.

நாங்க கடன் வாங்காத குறையா பால்கனி எடுத்தோம், வேற எதுல மிச்சம் பிடிச்சாலும் இதுல பிடிக்காதீங்க. அம்மா விடியக்காலம் நாலரைக்கே எழுந்து அந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துருவாங்க. முத நாளு என்னம்மா பண்றன்னு கேட்டேன். "தண்ணிடா"ன்னாங்க. வைகையில தண்ணி வந்தா பாலத்துல வண்டிய நிப்பாட்டி வேடிக்க பாக்குற ஊர்க்காரங்க நம்ம.

இன்னொண்ணு, சுவரு கதவு எல்லாம் இரும்புத் தகடு, காந்தம் ஒட்டும். காந்தக் கொக்கி நாலு கொண்டு போனா துண்டு, பை எல்லாம் மாட்டலாம். எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கவும் அம்மா ரெண்டு தடவ வேற ரூம் கதவத் தட்டிட்டாங்க. அப்புறம் கோயில் வாசல்ல வாங்குன மீனாட்சி படம் போட்ட ஃப்ரிட்ஜ் காந்தம் பையில கிடந்துச்சு, அத கதவுல ஒட்டிவிட்டேன். அதுக்கப்புறம் தப்பவே இல்ல.

சைவம் கிடைக்குமா? அத்தைக்கு தயிர்சாதம் இல்லாம ராத்திரி இறங்காது.

ஆசியாவுல ஓடுற கப்பல்கள்ல பஃபேயில இந்திய சாப்பாட்டுக்குன்னே ஒரு பக்கம் வச்சுருப்பாங்க. பருப்பு, பனீரு, ரொட்டி, சோறு தாராளமா கிடைக்கும். சாம்பாருன்னு ஒண்ணு வந்துச்சு, லேசா இனிச்சுச்சு, அதப் பத்தி வேற ஒண்ணும் சொல்ல விரும்பல.

தயிர்சாதத்துக்கு வழி இருக்கு. சர்வரு சட்டையில பேரும் நாடும் எழுதுன பேட்ஜ் குத்திருப்பாங்க. ஒருத்தருக்கு இந்தியான்னு போட்ருந்துச்சு, அம்மா சும்மா "எந்த ஊருப்பா"ன்னு தமிழ்லயே கேட்டுவச்சாங்க, பாத்தா தேனிப் பக்கத்துப் பையன். கேட்டரிங் படிச்சுட்டு வந்துருக்கான், ஏழு மாசம் லீவே இல்லாம வேலையாம். அவன்தான் சொன்னான், உக்காந்து சாப்பிடுற பெரிய டைனிங் ஹால்ல முந்தின நாள் ராத்திரியே ஹெட் வெயிட்டர்கிட்ட சொல்லிவச்சா வேணுங்கறத செஞ்சு தருவாங்கன்னு. மறுநாள் ஒரு கிண்ணத்துல தயிர்சாதம், கடுகு தாளிச்சு வந்துச்சு. அத்தைக்கும் அதையே செய்யச் சொல்லுங்க. புக்கிங்கிலயே சைவம்னு குறிச்சும் விட்ருங்க.

கையக் கழுவிட்டுச் சாப்பிடுங்க, சோப்பு போட்டு. ஒரு ஆளுக்கு வயித்தாலன்னா கப்பல் பூரா பரவும், நோரோ வைரஸ்னு ஒண்ணு, அதுக்கு சானிட்டைசர் அவ்வளவா கேக்காது.

புளியோதரை, முறுக்கு கட்டிக்கிட்டுப் போலாமா? சின்ன ரைஸ் குக்கர் ஒண்ணு?

முறுக்கு, கடையில வாங்குன பாக்கெட்டு ஐட்டம் பரவால்ல. புளியோதரை மாதிரி சமைச்சது கூடாது. குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் கம்பி எதுவும் ஆகாது, ஸ்கேனர்ல பிடிச்சு எடுத்து வச்சுக்கிட்டு இறங்கும்போதுதான் தருவாங்க. காரணம் நியாயமானதுதான், நடுக்கடல்ல தீப்பிடிச்சா ஃபயர் சர்வீஸ் எங்கேருந்து வரும்?

அதே காரணத்துக்கு ஊதுபத்தி, சூடம், விளக்கு எதுவும் ஏத்தக் கூடாது. அம்மா சூட டப்பாவ எடுத்து வைக்கச் சொன்னதும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாங்க. இட்லிப் பொடிய மட்டும் ஸ்கேனர்காரன் மோந்து பாத்துட்டு, தும்மிட்டு, விட்டுட்டான்.

எனக்கு கொடைக்கானல் பஸ்லயே வாந்தி வரும். கப்பல்ல தாங்குமா?

கொடைக்கானல் பஸ்ஸுதான் கஷ்டம், இது அம்புட்டு இல்ல. கப்பலுக்கு அடியில ரெண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர்னு இருக்கு, பக்கவாட்டு ஆட்டத்த நல்லா குறைச்சுரும். மலாக்கா நீரிணை பக்கம் பெரும்பாலும் அமைதியான கடலு. எங்களுக்கு ஒரு ராத்திரி மட்டும் தொட்டில் மாதிரி ஆடுச்சு, டம்ளர்ல தண்ணி இங்கிட்டும் அங்கிட்டும் போச்சு, அவ்வளவுதான்.

பயமா இருந்தா நடுக்கப்பல்ல, கீழ் மாடியில ரூம் கேளுங்க, ஊஞ்சல்ல நடுவுல உக்காந்த மாதிரி ஆட்டம் கம்மி. தலை சுத்துனா ரூம்ல படுக்காதீங்க, வெளிய வந்து தூரத்துல வானமும் கடலும் சேர்ற கோட்ட பாத்துக்கிட்டு நில்லுங்க. இஞ்சி மரப்பா கொண்டு போங்க. மாத்திரை வேணும்னா கிளம்புறதுக்கு முன்னாடியே உங்க டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிக்கங்க, வாந்தி வந்தப்புறம் போட்டா பிரயோஜனம் இல்ல.

இம்புட்டு மாடி இருக்கே, கவுந்துராதா?

பாக்கத்தான் தலை கனம். எஞ்சின், எண்ணெய், தண்ணி டேங்க்னு கனமானது எல்லாம் அடியில, மேல் மாடிங்கள லேசான அலுமினியத்துல கட்டுறது உண்டு. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைய சாய்ச்சுப் பாருங்க, அதே சங்கதிதான்.

ஆபத்தே இல்லைன்னு சொல்லல. 2012 ஜனவரியில இத்தாலியில கோஸ்டா கான்கார்டியா கப்பல் கரைக்கு ரொம்ப கிட்ட போயி பாறையில மோதி சாஞ்சு 32 பேரு செத்தாங்க. அதுல ஏறுன பல பேருக்கு ஆபத்து வந்தா என்ன செய்யணும்னு சொல்லிக் குடுக்குறதுக்கு முன்னாடியே கப்பல் கிளம்பிருச்சு. அதுக்கப்புறம்தான் விதியவே மாத்துனாங்க, இப்ப கிளம்புறதுக்கு முன்னாடியோ கிளம்புன உடனேயோ டிரில் முடிச்சாகணும்.

அந்த டிரில்லுக்கு போகாம ரூம்ல இருந்துக்கலாமா?

முடியாது, பேரச் சொல்லிக் கூப்பிட்டு தேடி வந்துருவாங்க. ஒண்ணும் பெருசில்ல, உங்களுக்குன்னு குறிச்ச இடத்துக்குப் போயி கார்ட ஸ்கேன் பண்ணி, லைஃப் ஜாக்கெட் எப்படி மாட்டுறதுன்னு பாத்துட்டு வரணும். ஏழு தடவ சின்ன ஊதலு, ஒரு நீட்டு ஊதலு, அது கேட்டா அந்த இடத்துக்கு வரணும். அம்மா அதக் கேட்டுட்டு விரல விட்டு எண்ணிக்கிட்டு இருந்தாங்க, இப்பவும் தெருவுல லாரி ஹார்ன் அடிச்சா எண்ணுறாங்க.

நாள் பூரா தண்ணியவே பாத்துக்கிட்டு இருந்தா போர் அடிக்காதா?

இதுதான் எல்லாரும் கேட்டது. தினமும் ராத்திரி மறுநாள் நிகழ்ச்சி லிஸ்ட்டு வந்துரும், போன்ல ஏத்திக்கிற கப்பலோட ஆப்புல. காலையில யோகா, அப்புறம் நடன கிளாஸு, வினாடி வினா, மத்தியானம் குளத்துப் பக்கம் பாட்டு, ராத்திரி தியேட்டர்ல பெரிய ஷோ, டிக்கெட்டு கிடையாது. அம்மா சர்க்கஸ் மாதிரி ஒரு ஷோவ ரெண்டு தடவ பாத்தாங்க. லிஃப்ட்டுத் தரையில கிழமை பேரு எழுதுன மிதியடி போட்டு தினமும் மாத்துறாங்க, சிரிச்சேன், மூணாம் நாளு எனக்கே அதப் பாத்துதான் வியாழக்கிழமைன்னு தெரிஞ்சுச்சு.

என்னையக் கேட்டா இது எதுவும் செய்யாம இருக்குறதுதான் சுகம். எந்த ஊரும் வராம நாள் பூரா கடல்லயே போற நாளுக்கு சீ டேன்னு பேரு, நம்ம ஆளுங்க அத வேஸ்ட்டுன்னு நினைச்சு எம்புட்டு ஊரு காட்டுறான்னு எண்ணிப் பாத்து டிக்கெட்டு எடுக்குறாங்க. ஊரு பாக்கணும்னா ஃப்ளைட்ல போலாமே. எங்க வீட்டுல அம்மாவும் நானும் சேர்ந்தாப்புல ஒரு மணி நேரம் பேசுனதே வருஷக்கணக்காச்சு. அந்த சீ டேயில காலையில ஒன்பது மணிக்கு பால்கனியில உக்காந்தோம், அவங்க கல்யாணத்துக்கு முன்னாடி சோழவந்தான்ல இருந்த கதைய ஆரம்பிச்சாங்க, முடிக்கிறப்ப சாப்பாட்டு நேரம் தாண்டிருச்சு.

போன் எடுக்குமா?

கரை பக்கம் எடுக்கும். நடுக்கடல்ல கப்பலோட சொந்த சிக்னல் ஒண்ணு வரும், அதுல தெரியாம மாட்டுனா ரோமிங் பில்லு தாளிச்சுரும். கப்பல் கிளம்புன உடனே ஏரோப்ளேன் மோட்ல போட்ருங்க, அது மேலயே வைஃபை மட்டும் ஆன் பண்ணிக்கலாம். வைஃபைக்கு தனிக் காசு, இப்ப நிறைய கப்பல்ல ஸ்டார்லிங்க்னு சாட்டிலைட் இன்டர்நெட் வந்துருச்சு, வீடியோ கால் ஓடுது. ஆப்பு மட்டும் காசில்லாம வேலை செய்யும்.

எங்க ஏஜென்ட் எல்லாமே டிக்கெட்டுல அடக்கம்னு சொல்றாரே?

எங்க ஏஜென்ட்டும் அதேதான் சொன்னாரு, பேரு வேணாம். ரூமு, பஃபே, டைனிங் ஹால், ஷோ, குளம், இதுதான் அடக்கம். குளிர்பானம், சாராயம், நல்ல காப்பி, ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட், வைஃபை, ஸ்பா, அவங்க எடுக்குற போட்டோ, இறங்குற ஊர்ல டூரு, எல்லாம் தனி.

இதுக்கு மேல டிப்ஸ் ஒண்ணு இருக்கு, நம்ம இஷ்டமில்ல, தானா கணக்குல ஏறும். நிறைய கப்பல்ல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16லேருந்து 20 டாலர். நாலு ராத்திரி, ரெண்டு பேருன்னு பெருக்கிப் பாருங்க, அங்கதான் எனக்கு வயித்தக் கலக்குச்சு. கப்பல்ல ரொக்கம் புழங்காது, ஏறும்போது தர்ற கார்டுதான் சாவி, அடையாள அட்டை, பர்ஸு மூணும். தேய்க்கிறப்ப வலிக்காது. தினம் ராத்திரி ஆப்புல கணக்க பாத்துருங்க, கடைசி நாளு வரைக்கும் விடாதீங்க.

குடிக்காதவங்க போனா ஒரு மாதிரி இருக்குமா? கேசினோ வேற இருக்காம்.

யாரும் கண்டுக்க மாட்டாங்க. கேசினோ ஒரு மூலையில இருக்கும், துறைமுகத்துல நிக்கும்போது பெரும்பாலும் பூட்டிருப்பாங்க, அந்தந்த நாட்டுச் சட்டம் அப்படி, நடுக்கடலுக்குப் போனப்புறம்தான் திறப்பாங்க. மாமாவ மட்டும் அந்தப் பக்கம் விடாதீங்க மதினி, மேல சொன்ன கார்டு அங்கயும் தேயும்.

குளிக்க உப்புத் தண்ணியா? கக்கூஸ் தண்ணி எங்க போகுது?

நல்ல தண்ணிதான், கடல் தண்ணிய கப்பல்லயே நல்ல தண்ணியா மாத்துறாங்க, கொஞ்சம் கரையிலயும் ஏத்துவாங்க. 24 மணி நேரமும் சுடுதண்ணி, நம்ம ஏரியா கார்ப்பரேஷன் தண்ணிய நினைச்சா கண்ணு கலங்கிரும்.

கக்கூஸ் ஃப்ளைட்ல மாதிரி உறிஞ்சுற டைப்பு, முதத் தடவ அந்த சத்தத்துக்கு அம்மா வெளிய ஓடி வந்துட்டாங்க. கழிவ கப்பல்லயே சுத்திகரிக்கணும், கரையிலேருந்து எம்புட்டு தூரத்துல எத விடலாம்னு மார்போல்னு ஒரு உலக ஒப்பந்தம் இருக்கு. பிளாஸ்டிக்க எங்கயுமே கடல்ல போடக் கூடாது. அதுக்காக கப்பல் சுத்தபத்தம்னு நினைச்சுராதீங்க, எண்ணெய் குடிக்கிறதுல அது ராட்சசன். பின்னால நின்னு அந்தப் புகைக்கூண்ட பாத்தப்ப எனக்கே சங்கடமாத்தான் இருந்துச்சு.

சேலை கட்டலாமா, இல்ல கவுன்தான் போடணுமா?

தாராளமா சேலை. ஒரு ராத்திரி எல்லாரும் நல்லா உடுத்தி வரணும்பாங்க, அம்மா சுங்குடிச் சேலைதான் கட்டுனாங்க, நாலு வெளிநாட்டுக்காரங்க போட்டோ எடுத்துக்கிட்டாங்க. குளத்துல மட்டும் சேலை, நைட்டி, சட்டையோட இறங்க விடமாட்டாங்க, நீச்சல் உடை வேணும்.

எங்கப்பாவுக்கு மூட்டு வலி, சுகர். கூட்டிட்டுப் போலாமா?

வயசானவங்களுக்கு இத விட லேசான பயணம் இல்ல. பெட்டிய ஒரு தடவ பிரிச்சா போதும், லிஃப்ட் இருக்கு, முன்னாடியே சொன்னா ஏறி இறங்க வீல்சேர் தருவாங்க. ஆனா கப்பலு நீளம், ரூமு ஒரு கோடியில இருந்தா சாப்பாட்டுக்கு நடந்தே அலுத்துரும், லிஃப்ட் பக்கத்துல ரூம் கேளுங்க.

டாக்டரும் நர்ஸும் இருக்காங்க, ஆனா ஃபீஸு டாலர்ல. டிராவல் இன்சூரன்ஸ் இல்லாம ஏறாதீங்க, அதுல க்ரூஸுக்கும் பொருந்தும்னு எழுதிருக்கான்னு பாருங்க, பழைய வியாதிக்கும் உண்டான்னு கேளுங்க. மாத்திரைய கைப்பையில வைங்க. மருமக மாசமா இருக்கான்னு ஒருத்தங்க கேட்டாங்க, பெரும்பாலான கம்பெனிங்க 24 வாரத்துக்கு மேல ஏத்த மாட்டாங்க.

இறங்குற ஊர்ல கண்டிப்பா டூர் எடுக்கணுமா?

வேணாம். பினாங்குல கப்பல் ஜார்ஜ் டவுன் ஓரத்துலயே நிக்கும், இறங்கி நடந்தா லிட்டில் இந்தியா, குயின் ஸ்ட்ரீட்ல மகாமாரியம்மன் கோயிலு, 1833ல கட்டுனது. அம்மா அங்க போயி நின்னுட்டு, சூடம் காட்டுனதும்தான் மூஞ்சி தெளிஞ்சுச்சு. தமிழ்லயே பேசி பூ வாங்கிக்கலாம்.

புக்கெட் வேற மாதிரி. பத்தோங் கடற்கரைக்கு வெளிய கப்பல் நங்கூரம் போட்டு நிக்கும், சின்னப் போட்டுல மாறிப் போகணும். அலையில போட்டு ஏறி இறங்கும், மூட்டு வலிக்காரங்களுக்கு ஆகாது. நாங்க இறங்கவே இல்ல. கூட்டம் பூரா போனப்புறம் காலிக் கப்பல்ல இருந்து பாருங்க, கோயில்ல நடை சாத்துறதுக்கு முந்தின அமைதி மாதிரி இருக்கும்.

இறங்கிட்டு திரும்ப வர லேட்டானா?

விட்டுட்டுப் போயிரும், சந்தேகமே வேணாம். கம்பெனி டூர்ல போயி லேட்டானா காத்திருப்பாங்க, சொந்தமா போனா உங்க பாடு, சொந்தக் காசுல அடுத்த ஊருக்கு ஓடணும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, கேட்டுக்கங்க. தாய்லாந்து நேரம் சிங்கப்பூர விட ஒரு மணி நேரம் பின்னாடி. எங்க கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே வச்சுருந்துச்சு, ஆனா கரைக்குப் போன போனு தானா தாய்லாந்து நேரத்துக்கு மாறிரும். போன்ல நாலுன்னா கப்பல்ல அஞ்சு. கோயம்புத்தூர் குடும்பம் ஒண்ணு இப்படித்தான் ஏமாந்து கடைசி போட்டுல மூச்சு வாங்க வந்துச்சு. கையில சாதாரண கடிகாரம் ஒண்ணு கட்டிக்கிட்டு அதுல கப்பல் நேரத்த வைங்க.

விசா எத்தன வேணும்?

ரூல் மாறிக்கிட்டே இருக்கு, அதனால புக் பண்றப்ப அந்தந்த நாட்டு வெப்சைட்ட பாருங்க, ஏஜென்ட் வாய நம்பாதீங்க. மாறாதது ரெண்டு. பாஸ்போர்ட் ஆறு மாசமாவது செல்லணும். சிங்கப்பூர்லேருந்து கிளம்பி சிங்கப்பூர்லயே முடியுற ட்ரிப்புன்னா நீங்க ரெண்டு தடவ உள்ள நுழையுறீங்க, ஃப்ளைட்ல ஒண்ணு, கப்பல்ல ஒண்ணு. அதனால பல தடவ நுழையுற விசாவான்னு பாத்துக்கங்க.

கேக்குறேன்னு தப்பா நினைக்காதப்பா, நடுக்கடல்ல ஒருத்தர் செத்துட்டா கடல்லயா போடுவாங்க?

இதக் கேட்டது எங்க பெரியப்பாதான், வயசு எண்பது. அப்படியெல்லாம் போடமாட்டாங்க பெரியப்பா. பெரிய கப்பல்ல சின்ன மார்ச்சுவரி இருக்கும், அதுல வச்சு துறைமுகத்துல ஒப்படைப்பாங்க. ஊருக்குக் கொண்டு வர்ற செலவுதான் மலை, அதுக்குத்தான் மேல சொன்ன இன்சூரன்ஸ்.

கடைசி நாளு எப்படி இறங்குறது?

முந்தின நாள் ராத்திரியே கலர் டேக் மாட்டி பெரிய பெட்டிய ரூம் வாசல்ல வச்சுரணும். ராத்திரியோட எடுத்துட்டுப் போயிருவாங்க, காலையில கரையில போயித்தான் கிடைக்கும். பாஸ்போர்ட்டு, மாத்திரை, மறுநாள் உடுத்துற துணி, இது கைப்பையில இருக்கணும்.

அம்மா ரொம்ப நேர்த்தியா எல்லாத்தையும் மடிச்சு உள்ள வச்சு பூட்டி பத்தரைக்கே வெளிய தள்ளிட்டாங்க. காலையில எழுந்து பாத்தா கட்டியிருந்த நைட்டியத் தவிர ஒரு துணி இல்ல. தேனிப் பையன்தான் ஓடிப் போயி கப்பல் கடையில பெரிய சைஸ் டீசர்ட்டு ஒண்ணு வாங்கி வந்தான், கப்பல் படம் போட்டது. நைட்டி மேல அத மாட்டிக்கிட்டு, துண்டையே தாவணி மாதிரி போட்டுக்கிட்டு சிங்கப்பூர் இமிகிரேஷன் வரிசையில நின்னாங்க. அந்த டீசர்ட்டுக்கும் கணக்குல 24 டாலர் ஏறிருந்துச்சு.